சில்காட் அறிக்கை: வாங்கும் முன், படிக்கத் தொடங்கும் முன்

2003 மார்ச்சில் ஈராக் மீது படையெடுக்க பிரிட்டன் எடுத்த முடிவை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2016 ஜூலை 6 அன்று வெளிவந்தது. குழுத் தலைவர் சர் ஜான் சில்காட்டின் பெயராலேயே அது அறியப்படுகிறது. 12 தொகுதிகள், அவற்றுக்கு முன் தனியாக ஒரு சுருக்கத் தொகுதி, மொத்தம் ஏறக்குறைய 26 லட்சம் சொற்கள். 1,50,000க்கும் மேற்பட்ட அரசு ஆவணங்களையும் 150க்கும் மேற்பட்ட சாட்சிகளின் வாக்குமூலங்களையும் பார்த்து எழுதப்பட்டது.

ஒரு குறிப்பிட்ட தேவைக்கு இது எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம். ஓர் அரசு போருக்குப் போக முடிவெடுக்கும்போது நாடாளுமன்றம் அந்த முடிவை உண்மையாகவே சோதித்ததா? அன்று எம்.பி.க்களின் கையில் என்னென்ன காகிதங்கள் இருந்தன, எவை அவர்களுக்குக் காட்டப்படவில்லை? இந்தக் கேள்விகளோடு வருபவருக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் அறிக்கையைத் தனியாக வைத்துப் படித்தால் பாதிப் பயன்தான். அரசுக்குள் தெரிந்திருந்தது என்ன என்பதை அறிக்கை சொல்கிறது. சபையில் சொல்லப்பட்டது என்ன என்பதை நாடாளுமன்ற நடவடிக்கைப் பதிவான ஹன்சார்டில்தான் முழுமையாகப் பார்க்க முடியும். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தால்தான் நடுவில் இருக்கும் இடைவெளி தெரியும்.

அச்சுப் பிரதியின் முழுத் தொகுப்பு வெளியானபோது 767 பவுண்டு, சுருக்கத் தொகுதி மட்டும் 30 பவுண்டு. தனி வாசகர் அச்சில் வாங்க வேண்டிய தேவையே இல்லை. முழு அறிக்கையும் பிடிஎஃப் வடிவில் இலவசம். விசாரணைக் குழுவின் இணையதளம் இப்போது பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையக் காப்பகத்தில் இருக்கிறது. அறிக்கை மட்டுமல்ல, அடிக்குறிப்புகளில் வரும் இரகசியம் நீக்கப்பட்ட ஆவணங்களும், 2009 முதல் 2011 வரை நடந்த விசாரணை அமர்வுகளின் எழுத்துப் பதிவுகளும் அங்கே உண்டு. அச்சுத் தொகுதியில் அடிக்குறிப்பு வெறும் ஆவணத்தின் பெயரும் தேதியும்தான்; தளத்தில் மூல ஆவணத்தையே திறந்து பார்க்கலாம். விலையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் மின்வடிவமே மேல்.

பிடிஎஃப்பில் தொல்லை ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரிவும் தனிக் கோப்பு. ஒன்றைத் திறந்து ஒரு பெயரைத் தேடினால் அந்தக் கோப்பில் இருப்பது மட்டுமே கிடைக்கும். காப்பகப் பிரதிகளில் பழைய தளத்தின் தேடல் பெட்டியையும் நம்ப முடியாது. எல்லாக் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் இறக்கி வைத்துக்கொண்டு, கோப்புறை முழுவதையும் தேடும் வசதியுள்ள பிடிஎஃப் செயலியில் தேடுங்கள். குறிப்பெடுக்கும்போது பக்க எண்ணை எழுதாதீர்கள், பிரிவு எண்ணையும் பாரா எண்ணையும் எழுதுங்கள். பாராக்களுக்கு ஒவ்வொரு பிரிவிலும் புதிதாக 1 முதல் எண் தொடங்கும் என்பதால் பாரா எண் மட்டும் இருந்தால் பின்னால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பெரும்பாலானோர் தோற்பது படிக்கும் வரிசையில்தான். முதல் தொகுதியில் தொடங்கினால் 1990களின் ஈராக் கொள்கைக்குள் போய், போர் முடிவை எட்டும் முன்பே களைத்துவிடுவோம். சுருக்கத் தொகுதியோடு நிறுத்திக்கொள்பவர்கள் முடிவுரைகளைத் தெரிந்துகொள்வார்கள், ஆனால் அந்த முடிவுக்குக் குழு எப்படி வந்தது என்பது அவர்களுக்குக் கிடைக்காது. நாடாளுமன்றச் சோதனையைப் பற்றி அறிய வேண்டுமென்றால் மூன்று இடங்கள் போதும். பிரிவு 3.8: 2003 மார்ச் 8 முதல் 20 வரையிலான நாட்கள். பிரிவு 5: சட்ட ஆலோசனை. பிரிவு 4: பேரழிவு ஆயுதங்கள் பற்றிய உளவுத் தகவல். இதே வரிசையில் படியுங்கள். 3.8ஐ முதலில் படித்தால் வாக்கெடுப்பு எந்த நெருக்கடியில் நடந்தது என்று புரியும். பிறகு மற்ற இரண்டும் அந்த நாளை நோக்கி வரும் இரு பாதைகளாகத் தெரியும்.

மற்ற எல்லாவற்றையும்விடப் பிரிவு 5தான் இந்த அறிக்கையை மதிப்புள்ளதாக்குகிறது. அதைப் படிக்கும்போது நான்கு காகிதங்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் பிரபு 2003 மார்ச் 7 அன்று பிரதமர் டோனி பிளேருக்கு அனுப்பிய 13 பக்க ஆலோசனை. ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இன்னொரு தீர்மானம் பெறுவதே சட்டப்படி மிகப் பாதுகாப்பான வழி என்று அது சொல்கிறது. 2002 நவம்பர் 8ஆம் தேதியின் 1441ஆம் தீர்மானம் ஈராக்குக்கு எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்த 1990இல் அனுமதித்த பழைய 678ஆம் தீர்மானத்தின் அதிகாரத்தை உயிர்ப்பிக்கிறது என்று நியாயமாக வாதிடலாம், ஆனால் நீதிமன்றம் அதை ஏற்காமலும் போகலாம் என்றும் சொல்கிறது. இரு பக்கமும் நிறுத்துப் பார்த்த, தயக்கமுள்ள ஓர் ஆவணம்.

இரண்டாவது, மார்ச் 14 அன்று அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியது: ஈராக் மேலும் கடுமையான மீறல்களைச் செய்துள்ளது என்பது பிரதமரின் உறுதியான கருத்துதானா? மூன்றாவது, மறுநாள் வந்த பதில்: ஆம், ஐயத்துக்கு இடமில்லாமல் அதுவே பிரதமரின் கருத்து. பிளேர் எந்த ஆதாரத்தின் மேல் அந்த முடிவுக்கு வந்தார் என்பது தெளிவாக இல்லை என்று சில்காட் குழு பதிவு செய்கிறது. நான்காவது, மார்ச் 17 அன்று மேலவையான பிரபுக்கள் சபையில் ஓர் எழுத்துக் கேள்விக்குப் பதிலாக வெளியான சட்டக் கருத்து. 337 சொற்கள், எண்ணிட்ட 9 குறிப்புகள். மார்ச் 7இல் இருந்த தயக்கம் ஒன்றுகூட அதில் இல்லை. போருக்கான அதிகாரம் இருக்கிறது என்று நேராகச் சொல்லி முடிகிறது.

முதலாவதையும் நான்காவதையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் வாக்களிக்கப் போன சாதாரண எம்.பி. எவருக்கும் அந்த வாய்ப்பு இருக்கவில்லை. மார்ச் 7 ஆலோசனையின் எழுத்து வடிவம் அமைச்சரவைக்கே காட்டப்படவில்லை. பொதுமக்கள் அதை முழுதாகப் பார்த்தது 2005 ஏப்ரல் 28 அன்று. சட்ட அடிப்படை இருக்கிறது என்று தீர்மானிக்கப்பட்ட விதம் திருப்திகரமானதாக இருக்கவில்லை என்று குழு சொல்வதன் முழு எடையும் இந்த நான்கு காகிதங்களை அருகருகே வைத்தால்தான் விளங்கும். சுருக்கத் தொகுதியில் அந்த வாசகத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிறவருக்கு அது வழக்கமான அதிகார மொழியாகவே தோன்றும்.

பிரிவு 4ஐயும் இதே முறையில், இரு பதிவுகளை ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். 2002 மார்ச் 15 அன்று, உளவுத் தகவல்களை எடைபோட்டு அரசுக்குத் தரும் கூட்டு உளவுக் குழு தயாரித்த மதிப்பீடு, ஈராக்கின் ஆயுதத் திட்டங்கள் பற்றிய உளவுத் தகவல் அவ்வப்போது மட்டும் கிடைப்பதாகவும் அரைகுறையாகவும் இருக்கிறது என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று, சிறப்பாகக் கூட்டப்பட்ட கீழவையான காமன்ஸ் சபையில், தகவல் விரிவானது, நுணுக்கமானது, நம்பகமானது என்றார் பிளேர். ஹன்சார்ட் 390ஆம் தொகுதியின் தொடக்கப் பத்திகளிலேயே அந்த உரை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் புதிய மதிப்பீடுகள் வந்தன என்பது உண்மை. அவற்றையும் பிரிவு 4 ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறது. ஆனாலும் அன்று முன்வைக்கப்பட்ட அளவு உறுதிக்கு அவற்றில் ஆதாரம் இல்லை என்பதே குழுவின் தீர்ப்பு. அன்று வெளியான 50 பக்க ஆவணத் தொகுப்பில்தான் 45 நிமிடத்தில் ஆயுதங்களைத் தயாராக்க முடியும் என்ற கூற்றும் இருந்தது. தொகுப்பு அன்று காலையில்தான் வெளியானது. சபை கூடும் முன் அதை ஊன்றிப் படித்துக் கேள்வி தயாரிக்க எம்.பி.க்களுக்குக் கிடைத்தது சில மணி நேரமே.

இனி ஹன்சார்ட். 1803 முதல் 2005 வரையிலான பழைய பதிவுகளுக்கு நாடாளுமன்றமே தனித் தளம் வைத்திருக்கிறது, தற்போதைய தளத்திலும் தேதி கொடுத்துத் தேடலாம். இரண்டும் இலவசம். முக்கியமான போர் விவாதம் 2003 மார்ச் 18, 401ஆம் தொகுதி, பத்தி 760 முதல் 911 வரை. இந்த எண்கள் பக்க எண்கள் அல்ல. அச்சுப் பக்கம் இரண்டு நெடும்பத்திகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பத்திக்கும் தனி எண் போடப்படும். மேற்கோள் காட்டும்போது இதைத் தவறவிடுபவர்கள் அதிகம். இன்னொரு பொறி: எழுத்துக் கேள்விகளுக்கான பதில்கள் தனி வரிசையில், எண்ணோடு ஓர் எழுத்துக் குறி சேர்த்து அச்சாகும். கோல்ட்ஸ்மித்தின் மார்ச் 17 பதிலை விவாதப் பகுதியில் தேடினால் கிடைக்காது. பிரபுக்கள் சபையின் 646ஆம் தொகுதியில், எழுத்துப் பதில்கள் பகுதியில் இருக்கிறது. அதே நாள் இரவு காமன்ஸ் சபையில் ராபின் குக் ஆற்றிய பதவி விலகல் உரையை 401ஆம் தொகுதி, பத்தி 726 முதல் 728 வரை படிக்கலாம். அரசின் சார்பில் அவை முன்னவராக (சபாநாயகர் அல்ல, அமைச்சர்) இருந்த அவர், பொதுவாகச் சொல்லப்படும் பொருளில் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்க வாய்ப்பில்லை என்று அந்த உரையில் சொன்னார். மூன்று பத்திகள்தான். உள்ளே இருந்த ஒருவர், கிடைத்த அதே தகவலை வைத்து வேறு முடிவுக்கு வர முடிந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

வாக்குப் பட்டியலைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். மார்ச் 18 அன்று இரண்டு வாக்கெடுப்புகள். போருக்கான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை என்று ஆளும் தொழிற்கட்சி எம்.பி. பீட்டர் கில்ஃபாய்ல் கொண்டுவந்த திருத்தம் 217க்கு 396 என்ற கணக்கில் தோற்றது. அரசின் முதன்மைத் தீர்மானம் 412க்கு 149 என்று வென்றது. செய்திகளில் அடிக்கடி வருவது இரண்டாவது கணக்கு, எதிர்ப்பின் அளவைச் சரியாகக் காட்டுவது முதலாவது. திருத்தத்தில் 613 பேர் வாக்களித்தார்கள், முதன்மைத் தீர்மானத்தில் 561 பேர்தான். திருத்தத்தை ஆதரித்த பலர் அது தோற்றபின் முதன்மைத் தீர்மானத்தை எதிர்க்க வரவில்லை. சிலர் அதை ஆதரித்தும் வாக்களித்தார்கள். யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று அறிய இரண்டு பட்டியல்களையும் பெயர்வாரியாக ஒப்பிட வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை. வாக்களிக்காதவர் வேண்டுமென்றே விலகினாரா, உடல்நலமின்றியோ வெளியூரிலோ இருந்தாரா என்பதைப் பட்டியல் சொல்லாது. வாக்கு எண்ணும் டெல்லர்கள், பக்கத்துக்கு இருவர், மொத்தக் கணக்கில் சேர்வதில்லை. சொந்த அரசை எதிர்த்த தொழிற்கட்சி எம்.பி.க்கள் 138 என்றும் 139 என்றும் வெவ்வேறு இடங்களில் வருவதற்கு இது ஒரு காரணம்.

பிப்ரவரி 26 வாக்கெடுப்பையும் விட்டுவிடாதீர்கள். போருக்கான காரணம் இன்னும் நிரூபணமாகவில்லை என்ற திருத்தம் அன்று 199க்கு 393 என்று தோற்றது. மூன்று வாரத்தில் 199 எதிர்ப்பு 217 ஆகியிருக்கிறது, அதுவும் படைகள் வளைகுடாவில் இறங்கிய பிறகு. மார்ச் 18 அன்று 40,000க்கும் மேற்பட்ட பிரிட்டன் படையினர் அங்கே தயாராக நின்றார்கள். ஈராக்கை விட்டு வெளியேற சதாம் ஹுசைனுக்கு அமெரிக்க அதிபர் புஷ் கொடுத்த 48 மணி நேரக் கெடு முந்தைய இரவே தொடங்கிவிட்டது. வாக்கெடுப்பு நடந்ததா என்று மட்டும் பார்ப்பவர் பிரிட்டன் நாடாளுமன்றம் தன் கடமையைச் செய்தது என்றே முடிவுக்கு வருவார். எப்போது நடந்தது, என்ன காகிதத்தோடு நடந்தது என்று பார்ப்பவருக்கு வேறு படம் தெரியும். சோதனை தோற்றது வாக்குரிமை இல்லாததால் அல்ல, ஆவணம் கைக்கு வராததாலும் நேரம் கடந்துவிட்டதாலும்.

இதற்குத் துணையாக ஒரு மெல்லிய ஆவணத்தைப் பரிந்துரைக்கிறோம். காமன்ஸ் சபையின் வெளிவிவகாரக் குழு 2003 ஜூலை 7 அன்று வெளியிட்ட அறிக்கை, எண் எச்.சி. 813. போர் முடிந்த சில வாரங்களிலேயே விசாரித்து, ஏறத்தாழ ஐந்து வாரத்தில் முடித்திருக்கிறார்கள். 45 நிமிடக் கூற்றுக்கு அத்தனை முக்கியத்துவம் கொடுத்திருக்கக் கூடாது என்று அப்போதே சொன்னார்கள். உளவு ஆவணங்களையும் உளவுத்துறை அதிகாரிகளையும் அணுக அமைச்சர்கள் தொடர்ந்து மறுத்ததால் தங்கள் பணி தடைபட்டது என்றும் எழுதினார்கள். கூட்டு உளவுக் குழுத் தலைவர் ஜான் ஸ்கார்லெட் இந்தக் குழுவின் முன் வரவில்லை. சில வாரங்கள் கழித்து அரசின் ஆயுத நிபுணர் டேவிட் கெல்லியின் மரணம் பற்றி நீதிபதி ஹட்டன் நடத்திய விசாரணையில் அதே ஸ்கார்லெட் சாட்சி சொன்னார், பிரதமர் அலுவலக மின்னஞ்சல்களும் வெளியாயின. தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களுக்குக் கிடைக்காதது நீதிபதிக்குக் கிடைத்தது. அறிக்கையின் இறுதியில் குழுவின் உள்வாக்கெடுப்புகளும் அச்சாகியிருக்கின்றன, அதை விடாமல் படியுங்கள். பிரதமரின் தகவல்தொடர்பு இயக்குநர் அலஸ்டைர் கேம்ப்பெல் 45 நிமிடக் கூற்றில் முறையற்ற செல்வாக்குச் செலுத்தினாரா என்ற கேள்வியில் குழு கட்சிவாரியாகப் பிளந்தது தெரியும்.

சில்காட் அறிக்கையின் குறைகளையும் சொல்ல வேண்டும். மிகப் பெரிய குறை காலம். 2009 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்ட விசாரணை, கடைசி சாட்சி 2011 பிப்ரவரியில் வந்துபோன பிறகும் ஐந்து ஆண்டுக்கு மேல் இழுத்தது. எந்த ஆவணத்தை வெளியிடலாம் என்று அமைச்சரவை அலுவலகத்தோடு நடந்த நீண்ட பேச்சுவார்த்தையும், குறை கூறப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே வரைவைக் காட்டிப் பதில் பெறும் நடைமுறையும் காரணம். உறுப்பினர்களில் ஒருவரான வரலாற்றாசிரியர் மார்ட்டின் கில்பர்ட் அறிக்கை வெளிவருமுன் 2015இல் காலமானார். ஈராக்கில் உயிரிழந்த 179 பிரிட்டன் படையினரின் குடும்பங்கள் இத்தனை ஆண்டும் காத்திருக்க நேர்ந்ததை எந்த நடைமுறை விளக்கமும் நியாயப்படுத்தாது.

அடுத்தது, பாதி உரையாடல் மட்டுமே கிடைக்கிறது. பிளேர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்புகள் வெளியாகியுள்ளன. என்ன நடந்தாலும் உங்களோடு இருப்பேன் என்று தொடங்கும் 2002 ஜூலை 28 குறிப்பும் அவற்றில் உண்டு. ஆனால் புஷ் சொன்னவற்றை வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. வாசகர் எதிர்ப்பக்கத்தைத் தானே ஊகிக்க வேண்டியிருக்கிறது. போர் சட்டப்படி சரியா தவறா என்ற கேள்விக்கும் அறிக்கையில் விடை தேட வேண்டாம். குழு நீதிமன்றம் அல்ல என்பதால் அதைத் தொடவில்லை. அமைதி வழிகள் தீரும் முன்பே படையெடுப்பில் சேர பிரிட்டன் முடிவெடுத்தது, அந்தக் கட்டத்தில் போர் கடைசி வழியாக இருக்கவில்லை என்பதுவரை மட்டும் அது தெளிவாகப் போகிறது.

நம் தேவையைப் பொறுத்தவரை முக்கியமான குறை இன்னொன்று. அரசு நாடாளுமன்றத்துக்கு என்ன சொன்னது என்பதை அறிக்கை நுணுக்கமாக ஆராய்கிறது. நாடாளுமன்றம் எப்படிக் கேட்டிருக்கலாம், முழுச் சட்ட ஆலோசனையைக் கேட்டு வலியுறுத்த அதற்கு என்ன வழி இருந்தது, கட்சிக் கொறடாக்கள் எவ்வளவு அழுத்தினார்கள் என்பதற்குள் அது போகவில்லை. அந்தப் பகுதியை வாசகர் ஹன்சார்டிலிருந்தும் எச்.சி. 813இலிருந்தும் தானே கட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு வார இறுதி மட்டுமே இருப்பவர் சுருக்கத் தொகுதியில் சட்டப் பகுதியையும் உளவுப் பகுதியையும் படித்துவிட்டு, குக்கின் உரையையும் மார்ச் 18 வாக்குப் பட்டியல்களையும் பார்த்தால் போதும். இதழியல், சட்டம், அரசியல் படிப்பவர்கள் பிரிவு 5ஐயும் அதன் அடிக்குறிப்பு ஆவணங்களையும் முழுதாகப் படிக்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

இதே முறையைப் பின்வந்த விவாதங்களுக்கும் பயன்படுத்தலாம். 2011 அமைச்சரவைக் கையேட்டின் 5.38ஆம் பாரா, அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் படை அனுப்பும் முன் காமன்ஸ் சபைக்கு விவாதிக்க வாய்ப்புத் தரும் மரபை எழுத்தில் வைத்தது. 2013 ஆகஸ்ட் 29 சிரியா விவாதத்துக்கு முன் கூட்டு உளவுக் குழுத் தலைவரின் கடிதத்தையும் சட்ட நிலைப்பாட்டுக் குறிப்பையும் அரசு வெளியிட்டது. இம்முறை எம்.பி.க்கள் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே அரசின் தீர்மானத்தை 272க்கு 285 என்று தோற்கடித்தார்கள். 2018 ஏப்ரல் 14 அன்று சிரியா மீது தாக்குதல் நடத்தியபோது முன்கூட்டி வாக்கெடுப்பே நடக்கவில்லை. பிரதமர் தெரசா மே சபைக்கு விளக்கம் தந்தது இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 16 அன்று. 2013 ஆகஸ்ட் 29, 2018 ஏப்ரல் 16 ஆகிய இரண்டு தேதிகளின் ஹன்சார்ட் பதிவுகளையும், எந்தக் காகிதம் எப்போது எம்.பி.க்களின் கைக்கு வந்தது என்ற அதே கேள்வியோடு அடுத்ததாகப் படிக்கலாம்.